மருந்துவாழ்மலையும் என் இரண்டு நட்சத்திரமும்

ஜனவரி 6, 2025, திங்கள்

இந்நேரத்துக்கு வந்து எழுதுவதற்கு மன்னிக்கணும். மணி பன்னிரண்டேகால். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டிடமா? இதை யாரும் வாசிக்கப் போவதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடங்கினால்தான் கை ஓடுகிறது. இந்த வீட்டில் எனக்கு எல்லாமே அப்படித்தான் ஆகிவிட்டது.

கோமு இப்போதுதான் தூங்கினாள். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன், மூன்று தரம். மூச்சு வருகிறது. பதிமூன்று மாசப் பிள்ளை, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை, மூச்சு வராமல் எங்கே போகும்? தெரியும். இருந்தாலும்.

இன்றைக்கு எனக்குச் சந்திராஷ்டமம். காலையில் தேதித்தாளைக் கிழித்ததுமே அத்தை சொல்லிவிட்டார். “பிரியா, மகத்துக்குப் போட்டிருக்கான். இன்னைக்கு வெளிய எறங்காண்டாம். மாடிப்படியில பைய ஏறு. புதுசா ஒன்னும் தொடங்காத.” நூலகத்துக்குப் போகலாம் என்று இருந்தேன். போகவில்லை. பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கேயாவது ஓர் இடத்தில் உண்மை இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் மகம் இல்லை. ஆயில்யம்.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று மூன்று வரன் தட்டிப்போயிற்று. அப்பா அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜோசியரைப் பிடித்து, நான் பிறந்த நேரத்தை மூன்று மணி நேரம் தள்ளி எழுதி வாங்கிவந்தார். ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். நாலாவது வரன் மகேஷ். கல்யாணமான மறு வருஷம் அப்பா போய்விட்டார். இப்போது இது தெரிந்தவர்கள் வள்ளியூரில் அம்மாவும் இங்கே நானும். மகேஷுக்குக்கூடத் தெரியாது.

ஆயில்யத்துக்குச் சந்திராஷ்டமம் மகத்துக்கு முந்தின நாள் வரும். அதனால் நேற்று அத்தை என்னைத் தைரியமாகக் கடைக்கு அனுப்பினார். நான்தான் ரோட்டைத் தாண்ட பத்து நிமிஷம் நின்றேன். ஊரில் எல்லோருக்கும் மாசத்தில் ஒரு நாள். எனக்கு மட்டும் இரண்டு.

ஜனவரி 9, வியாழன்

நித்யா கூப்பிட்டாள். எம்.எஸ்ஸி. இயற்பியலில் என் பக்கத்து இருக்கை. இப்போது நாகர்கோவிலில் வங்கி வேலை. பிப்ரவரி 2 ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் மட்டும் மருந்துவாழ்மலை ஏறுகிறார்களாம். ஃபெபி என்று ஒரு பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் கூட்டிப் போகிறார்.

“மேல நின்னா கடல் ரெண்டு பக்கமும் தெரியும்ட்டி. நீ அழுதுருவ.”

“அழுகதுக்கு மலை எதுக்கு? நான் இங்கனயே அழுதுக்கிடுவேன்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால், அவள் அனுப்பின கடல் படத்தை நகத்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

மகேஷிடம் கேட்டேன். “போயிட்டு வாயேன்” என்றார், ஷூவைக் கழற்றிக்கொண்டே. இவ்வளவு லேசா அது?

அத்தை காலண்டரை ஆணியில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தாள்களை நீவிப் பார்த்தார். பிப்ரவரி 2 வந்ததும் விரல் நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது.

“மகம்னு அச்சடிச்சிருக்கான், பாரு. நான் சொல்லல, தாள் சொல்லுது. மலை, பாறை, கொரங்கு... அந்த ஒரு நாள்தானாட்டி கெடச்சுது? வேற நாள் போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.”

மாமா பேப்பருக்குப் பின்னால் இருந்து, “மகம் ஜெகத்தையே ஆளும்னு சொன்னாவ. ஒரு மலைய ஆளப்பிடாதாக்கும்?”

“நீங்க பேப்பரப் படிங்க.”

அத்தை கெட்டவராக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிள்ளை பெற்று நாற்பது நாள் எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டவர். அது என் நாள் இல்லை அத்தை, என் நாள் முந்தின நாளே முடிஞ்சிரும் - நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவிடம் போனில் கேட்டேன். சொல்லிவிட்டால் என்ன?

“வாயத் தொறந்துராத. நீ வந்த நாப்பதாம் நாள் ஒன் மாமியாரு குளிக்கப் போன எடத்துல வழுக்கி மணிக்கட்ட ஒடச்சாகள்லா? மறு வருசம் சக்கரை வந்துச்சுல்லா? ஆயில்யம்னு தெரிஞ்சா எல்லாத்தையும் ஒன் தலையில கொண்டாந்து வச்சிருவாக. செத்துப்போன மனுசன் பேரையும் மண்ணாக்கிருவ.”

என் தலையில் அவர்கள் கொண்டுவந்து வைக்க வேண்டுமா? நானே எப்போதோ ஏற்றி வைத்துவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

மாடிப்படி பதினெட்டு. கோமுவை இடுப்பில் வைத்துக்கொண்டு இருபது தடவை ஏறி இறங்கினேன். போகவே போகாத மலைக்குப் பயிற்சி. “என்னட்டி செய்யுத?” என்று கீழே இருந்து அத்தை. “பிள்ளைய ஒறங்க வைக்கேன் அத்தை.” கோமு என் தோளில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள், உறக்கத்தின் சாயலே இல்லாமல்.

ஜனவரி 22, புதன்

கோமுவுக்கு நூற்றிரண்டு. போகமாட்டேன். எங்கேயும் போகமாட்டேன், சாமி.

ஜனவரி 24, வெள்ளி

காய்ச்சல் விட்டது. வெறும் சளிதான் என்றார் டாக்டர்.

காலண்டரில் இருபத்திரண்டாம் தேதி யாருக்குச் சந்திராஷ்டமம் என்று பார்த்தேன். எங்கள் யாருக்கும் இல்லை. சந்திரன் ஒரு நாளைக்குப் பதின்மூன்று பாகை நகரும் என்று ஒரு வருஷம் கல்லூரியில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். வெட்கமாக இருந்தது. ஆனால் பார்த்து முடித்த பிறகுதான் வெட்கப்பட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

மகேஷ் ஒரு வழி சொல்கிறார். “சனிக்கிழமை வள்ளியூருக்கு உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. நித்யா கூட்டத்து வேன் பாளையங்கோட்டையில கெளம்பி அந்த வழியாத்தான போவுது? ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அங்கனயே ஏறிக்கிடு. எங்கம்மாட்ட எதுக்குச் சொல்லணும்?”

“சந்திராஷ்டமம்...”

“அது அம்மாவுக்கு. நமக்கு என்ன?”

நமக்கு என்ன! அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு ஆயில்யம், அதுவும் உங்களுக்கு ஒன்றுமில்லையா என்று. கேட்கவில்லை. ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை அடுக்குவதற்குத் தலையை ஆட்டினேன்.

ஃபெபி டீச்சர் போனில் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட இரண்டு எண். மகேஷ் எண், வீட்டுச் செல்போன் எண். ஆஸ்பத்திரி, ரேஷன், காஸ் என்று எழுதி எழுதிக் கை பழகின எண்கள். பிறந்த நேரம் கேட்கவில்லை. அப்பாடா.

பிப்ரவரி 1, சனி, வள்ளியூர்

அத்தை கோமு நெற்றியில் திருநீறு இட்டு வாசல் வரை வந்தார். “இன்னைக்கு ஒன்னுமில்ல, நல்ல நாள்தான். நாளைக்குத்தான் ஒனக்கு. அங்கன வீட்ட விட்டு எறங்காத, என்னா?”

நல்ல நாள். என் நிஜமான நாள். பஸ் ஒவ்வொரு தடவை பிரேக் போட்டபோதும் கோமுவின் தலையைக் கையால் மூடிக்கொண்டேன். நாங்குநேரியில் ஒரு கிழவர் முறுக்கு கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அவர் இறங்கினதும் ஜன்னல் வழியே போட்டுவிட்டேன். பாவம் அவர்.

வீட்டுக்கு வந்து காய் நறுக்கலாம் என்று எடுத்ததும் அம்மா என் கையில் இருந்த அரிவாள்மனையைப் பிடுங்கினாள். “இன்னைக்குத்தான ஒனக்கு? பேசாம உக்காரு.”

அங்கே பொய்யை நம்பி உட்கார வைக்கிறார்கள், இங்கே நிஜத்தை நம்பி. எந்த வீட்டில் நான் நிற்பது?

பிப்ரவரி 2, ஞாயிறு, வள்ளியூர்

விரலெல்லாம் சிராய்ப்பு. எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

அதிகாலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. அம்மாவின் பக்கத்தில் கோமு தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருந்தால் போயிருக்கமாட்டேன். பொற்றையடி விலக்கில் இறங்கியபோது மலை கறுப்பாக, இவ்வளவுதானா என்பது போல நின்றது. பக்கத்தில் போகப் போகத்தான் அது தலையை நிமிர்த்துகிறது.

நாங்கள் பதினொரு பேர். ஃபெபி டீச்சர் குட்டையானவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் மீன்காரர்கள் கட்டுவது போல ஒரு துண்டு. கடற்கரை ஊர்க்காரர். “ஆருக்கு ரொம்ப பயம்?” என்று முதலில் கேட்டார். நான் கை தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை.

“அப்பம் நீங்க எம் பின்னால. பயப்படுதவங்க நடைக்குத்தான் மத்தவங்க நடக்கணும். கடைசில விட்டா ஓடி வந்து விழுவாங்க.” பிறகு எல்லோருக்குமாக: “கையில திங்கிற சாமான் ஒண்ணும் தெரியப்பிடாது. கொரங்கு கேக்காது, எடுக்கும்.”

படிக்கட்டு இருக்கிற வரை ஒன்றும் தெரியவில்லை. என் பதினெட்டுப் படி வீண் போகவில்லை. படி முடிந்து பாறை தொடங்கிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஃபெபி டீச்சர் திரும்பி வந்தார். “மூணு எடம் பிடிச்சிட்டுத்தான் நாலாவத எடுக்கணும். ரெண்டு காலு ஒரு கை, இல்லைன்னா ரெண்டு கை ஒரு காலு. அவ்வளவுதான் மலை. வேற படிப்பு ஒண்ணும் வேண்டாம்.”

அப்படி ஒரு பாறையில் வயிற்றை ஒட்டி நான் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் மேலே இருந்து சாதாரணமாகச் சொன்னார்.

“உங்க அத்தை நல்ல மனுசி, மக்ளே.”

“எந்த அத்தை?”

“நேத்து சாயந்தரம் பேசினேன்லா. ஏறுததுக்கு முந்தின நாள் நான் எல்லாரு நம்பரையும் அடிச்சிப் பாப்பேன். அவசரத்துக்கு எடுக்காத நம்பர் என்னத்துக்கு? உங்க வீட்டுக்காரர் எடுக்கல்ல. ரெண்டாவத அடிச்சேன்.”

மகேஷ் வேலை செய்கிற கங்கைகொண்டான் கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டாவது எண், அத்தை கைக்கெட்டின தூரத்தில் கூடத்தில் இருக்கிற எண். நானே எழுதிக் கொடுத்தது.

மூன்று இடம் பிடித்திருந்தேன். நாலாவதை எடுக்க முடியவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“எந்த மலை, எப்பம்னு ரெண்டு தரம் கேட்டாங்க. பொறவு கேட்டாங்க, ‘அவ முன்னால நடப்பாளா, கடைசில நடப்பாளா?’ன்னு. எம் பக்கத்துல வச்சிக்கிடுதேன்னேன். ‘அப்பம் சரி, நான் போன் பக்கத்துலயே இருப்பேன்’ன்னாங்க. என்ன மக்ளே நிக்கிய? கைய எடுங்க, மேல வாங்க.”

கீழே ஒன்பது பேர் எனக்காகக் காத்து நின்றார்கள். திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஏறினேன். ஏறியதற்குத் தைரியம் என்று பெயர் இல்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. நித்யா சொன்னது சரிதான். கிழக்கேயும் மேற்கேயும் கடல் வளைந்து வந்து தெற்கே ஒன்றாகிறது. தென்னை, தென்னைக்கு நடுவே குளம் குளமாக வெயில். வடகிழக்கே காற்றாலைகள் வரிசையாக. வடக்கே மகேந்திரகிரி மறைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்கும் அப்பால் எங்கேயோ எங்கள் வீடு. இவ்வளவு தூரத்தை ஒரே பார்வையில் நான் பார்த்ததே இல்லை. அத்தனை வெளிக்கும் நடுவில் உட்கார்ந்து, உள்ளங்கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையிடம் இருந்து ஒரு அழைப்பும் இல்லை. நேற்றும் இல்லை. நான் பொத்தானை அழுத்தவும் இல்லை.

பத்து மணிக்கு மார்பு கட்டிக்கொண்டது. கோமு குடிக்கிற நேரம். ஃபெபி டீச்சர் துண்டை விரித்து மறைத்துப் பிடிக்க, ஒரு பாறைக்குப் பின்னால் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். “கடல் தெரியுதா?” என்றார் முதுகைக் காட்டிக்கொண்டே. தெரிந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

மத்தியானம் பெருமாள்புரம் வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்து கோமுவை வாங்கிக்கொண்டார் அத்தை.

“கடல் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது அத்தை.”

“கால் வலிக்கும். வெந்நி போட்டிருக்கேன்.”

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நெற்றியில் திருநீறு வழக்கத்தைவிடப் பட்டையாக இருந்தது.

சாயந்தரம் அத்தை கோயிலுக்குப் போனதும் மாமா வந்து வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நேத்து அவ பச்சத் தண்ணி குடிக்கல. ஒனக்குச் சந்திராஷ்டமம் தீருத மட்டும் போன மடியில வச்சிட்டுப் பூஜை ரூம்ல உக்காந்திருந்தா. எல்லாரும் எறங்கியாச்சுன்னு அந்த டீச்சர் மத்தியானம் பேசின பொறவும் எந்திரிக்கல. சக்கரை மாத்திரைய மட்டும் போட்டிருக்கா. ராத்திரி மயங்கி கதவு நெலையில இடிச்சு... நாந்தான் சீனியக் கரைச்சு வாயில ஊத்தினேன். ஒங்கிட்ட சொல்லப்பிடாதுன்னா. நான் சொன்னதாக் காட்டிக்கிடாதம்மா.”

திருநீறு எதை மறைத்தது என்று விளங்கிற்று.

ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. பார்த்தாயா, பலித்துவிட்டது. இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சத்தியமாக இதுதான். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு - ஆயில்யம் என்ன செய்தது? அவர் பட்டினி கிடந்தது மகத்துக்கு. எனக்கு இல்லாத ஒரு நட்சத்திரத்துக்கு.

பிப்ரவரி 8, சனி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அத்தை தலை நிமிராமல் பேசினார்.

“நீ ராத்திரியெல்லாம் முழிச்சிப் பிள்ளை மூக்குல வெரல் வச்சிப் பாக்குதது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மகேஷுக்கு நானும் பாத்திருக்கேன். வீட்டுக்குள்ளயே கெடந்தா அப்படித்தான் ஆவும். இனி நீ எங்க போணுமோ போ. எங்கிட்ட ஒளிக்க வேண்டாம். மகம் வார அன்னைக்கெல்லாம் ஒனக்காக நான் விரதம் இருந்துக்கிடுதேன்.”

“ஒங்களுக்குச் சக்கரை இருக்கு, அத்தை...”

“ஒரு நாள் வெறும் வயிறு என்ன செய்யும்? அம்மன்கிட்ட சொல்லியாச்சு. மாத்தப்பிடாது.”

கதவைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டு, வாசப்படியில் அவரே குறுக்கே படுத்துக்கொண்டார். நான் எப்படித் தாண்டுவேன்?

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மா: “விரதம் இருந்துட்டுப் போறாக. நீ கேட்டியா? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

பிப்ரவரி 16, ஞாயிறு

காலண்டரைப் பார்த்தேன். அடுத்தது மார்ச் 1, சனி. அத்தை அந்தத் தாளின் மூலையை ஏற்கெனவே மடித்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஃபெபி டீச்சர் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் நான் பாறையில் ஒட்டிக்கொண்டு மேலே பார்க்கிறேன். அத்தையைப் பற்றி அவர் சொன்ன அந்த நொடி. மகேஷ் பார்த்துவிட்டு, “வீராங்கனை மாதிரி இருக்கியே” என்றார். மறுபடி விழுங்கினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

முதல் தடவையாகப் பகலில் எழுதுகிறேன். மணி மூன்று. நேற்று சிவராத்திரி. அத்தையும் மாமாவும் நெல்லையப்பர் கோயிலில் கண்விழித்துவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிறார்கள். அத்தையின் கால்மாட்டில் கோமு. நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. அத்தைக்குத்தான் ஒரு தடவை பார்த்தேன்.

மகேஷ், இந்தப் பக்கம் உங்களுக்கு. நீங்களும் ராத்திரி ஷிப்ட் முடித்து அடுத்த அறையில் தூங்குகிறீர்கள். எழுப்பி முகத்துக்கு நேராகச் சொல்ல நாலு வருஷமாக வரவில்லை. இன்று ராத்திரி உங்கள் சாப்பாட்டுப் பையில், டிபனுக்கு அடியில் இந்த நோட்டை வைக்கப்போகிறேன். கம்பெனி வாசலில் போனைத்தானே வாங்கி வைப்பார்கள், நோட்டை வாங்கமாட்டார்கள். முதல் பக்கத்தில் இருந்து படியுங்கள். ஜனவரி 6ஆம் தேதியிலேயே விஷயம் இருக்கிறது.

எங்கள் அப்பாவைத் திட்டணும் என்றால் என்னைத் திட்டுங்கள். நான் தெரிந்தேதான் தாலி கட்டிக்கொண்டேன். உங்கள் அம்மாவின் மணிக்கட்டுக்கும் சக்கரைக்கும் நான் காரணமா, எனக்குத் தெரியாது. நெற்றி இடிபட்டதற்கு நான்தான் காரணம், அது தெரியும்.

நாளை மறுநாள் அத்தை மறுபடியும் பட்டினி. அதற்குள், நாளை சாயந்தரம், அத்தையிடம் சொல்லப்போகிறேன். என்ன நடக்குமோ, அம்மா வீட்டுக்கு அனுப்புவார்களோ என்னவோ. நீங்கள் பக்கத்தில் நின்றால் நல்லது. நிற்காவிட்டாலும் சொல்லுவேன்.

காலையில் வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முந்தியே எனக்கு ஒரு பதில் சொல்லிருங்க. ரொம்ப நேரம் காக்க வைக்காதீங்க.